காந்தத்தில் ஒட்டிய குண்டூசி: தொடு விசையா, தொடா விசையா?

ஆரியங்காவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய மகள் தினமும் பஸ்ஸில் மலையிறங்கி, செங்கோட்டைக்கு வந்து தமிழ் வழியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தேர்வில் ஒரு கேள்வி: "காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குண்டூசியின் மீது செயல்படுவது எவ்வகை விசை?" பிள்ளை 'தொடு விசை' என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று மதிப்பெண் போய்விட்டது. "ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு, தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு, பெறகு எப்படிம்மா தொடா விசை?" என்று வீட்டுக்கு வந்து கேட்டவளுக்கு அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. மூத்தவன் மலையாள வழியில் எட்டாம் வகுப்பு. அவன் புத்தகத்தில் விசை என்ற சொல்லே இல்லை, 'பலம்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

அம்மா, இந்த மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்களில் 30 வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். முதலில் பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் பார்த்தது சரிதான் என்று சொல்லிவிடுங்கள். ஊசி காந்தத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தொடுகிற இடத்தில் ஒரு தொடு விசை நிச்சயமாக உண்டு. கேள்வியைத்தான் கவனமில்லாமல் கேட்டிருக்கிறார்கள். "காந்தம் ஊசியை இழுக்கும் விசை எவ்வகை?" என்று கேட்டிருந்தால் பதில் ஒன்றே ஒன்றுதான்: தொடா விசை. "ஊசியின் மீது செயல்படும் விசை" என்று பொதுவாகக் கேட்டால் அங்கே இரண்டு வகையும் இருக்கின்றன. அடுத்த முறை இப்படிக் கேள்வி வந்தால், "காந்த விசை தொடா விசை, ஊசியும் காந்தமும் ஒன்றையொன்று அழுத்துவது தொடு விசை" என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

அவள் குழம்பிய இடம் எது என்று எனக்குத் தெரிகிறது. இரண்டு பொருளும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்து முடிவு செய்துவிட்டாள். பார்க்க வேண்டியது வேறு. இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்த மாத்திரத்தில் விசை இல்லாமல் போனால் அது தொடு விசை. பிரித்த பிறகும், குறைந்தாவது, மிச்சம் இருந்தால் தொடா விசை. காந்தத்திலிருந்து ஊசியை ஒரு நெல்மணி அகலம் விலக்கிப் பிடியுங்கள். இழுப்பு இன்னும் கையில் தெரியும். ஆக, ஒட்டியிருந்தபோது இழுத்ததும் அதே இழுப்புதான். ஒட்டியவுடன் அது வேறு விசையாக மாறிவிடவில்லை.

இதைக் கண்ணால் காட்ட ஒரு சோதனை சொல்கிறேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று போதும். அலமாரித் தட்டின் அடிப்பக்கத்தில் அதை டேப் போட்டு ஒட்டுங்கள். குண்டூசியின் கொண்டையில் தையல் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கீழ்த்தட்டில் டேப்பால் ஒட்டுங்கள். நூல் நீளத்தைச் சரிபார்த்து, ஊசி காந்தத்தைத் தொடுவதற்கு அரை விரல் முன்னால் நின்றுவிடும்படி செய்யுங்கள். ஊசி அந்தரத்தில் நிமிர்ந்து நிற்கும், நூல் விறைத்திருக்கும். நான் இதை வகுப்பில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பின் பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு காகிதத்தை நுழையுங்கள், வாழையிலைத் துண்டை நுழையுங்கள், பிளாஸ்டிக் ஸ்கேலை நுழையுங்கள். ஊசி அசையாது. காந்தம் ஒட்டக்கூடிய டப்பா மூடி ஒன்றை நுழைத்தால் பெரும்பாலும் பொத்தென்று விழுந்துவிடும். வீட்டில் உள்ள எவர்சில்வர் சாமான்களில் சிலவற்றில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. இரண்டையும் நுழைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இந்தச் சோதனையில் ஊசியைக் கீழே பிடித்திருப்பது எது? நூலின் இழுவிசை. நூலை அறுத்தால் அது போய்விடும், ஆகவே தொடு விசை. மேலே இழுப்பது காந்தம். தொடா விசை. இன்னொரு தொடா விசையும் அங்கே இருக்கிறது, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்: பூமி. ஊசியைக் கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு கை அகலக் காந்தத்துக்கு எதிராக 6-க்குப் பின் 24 சுழி போட்ட அளவு கிலோகிராம் நிறையுள்ள பூமி இழுக்கிறது, அப்படியும் காந்தம் ஜெயிக்கிறது. ஈர்ப்பு விசை எவ்வளவு மெலிந்தது என்பதை இதைவிட எளிமையாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் நடுவே உள்ள மின் இழுப்பு, அதே இரண்டுக்கும் நடுவே உள்ள ஈர்ப்பைவிடப் பெரியது. எத்தனை மடங்கு என்று கேட்டால் ஒன்றுக்குப் பின் ஏறக்குறைய 39 சுழி போட வேண்டும்.

இப்போது பீரோவுக்கு வருவோம். இரும்பு பீரோவின் கதவில், செங்குத்தான பக்கத்தில், ஒரு காந்தத்தை ஒட்டுங்கள். விழாமல் நிற்கிறது. ஏன் விழவில்லை? "காந்தம் இழுப்பதால்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் காந்தம் கதவை நோக்கி, அதாவது பக்கவாட்டில்தான் இழுக்கிறது. பூமியோ கீழ்நோக்கி இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பு எப்படிக் கீழே விழுவதைத் தடுக்கும்? தடுப்பது உராய்வு. காந்த இழுப்பு பொருளைக் கதவோடு அழுத்துகிறது. கதவு அதே அளவுக்கு வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் உராய்வு பிறக்கிறது, உராய்வுதான் மேல்நோக்கித் தாங்குகிறது. ஒரு சின்னக் காந்தத்தின் மீது நான்கு விசைகள்: காந்த இழுப்பும் பூமியின் இழுப்பும் தொடா விசைகள், கதவின் தள்ளலும் உராய்வும் தொடு விசைகள்.

கணக்கும் போடலாம். காந்தம் 20 கிராம் என்றால் எடை ஏறக்குறைய 0.2 நியூட்டன். உராய்வுக் குணகம், அதாவது அழுத்தும் விசையில் எத்தனை பங்கு வரை உராய்வு தாங்கும் என்ற எண், 0.3 என்று வைத்துக்கொண்டால், கதவை அது குறைந்தது 0.2-ஐ 0.3-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.67 நியூட்டனாவது அழுத்த வேண்டும். தன் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுத்தால்தான் காந்தம் வழுக்காமல் நிற்கும். நாள்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாக அடியில் செருகிக்கொண்டே வாருங்கள். தூரம் கூடக் கூட இழுப்பு குறையும், இழுப்பு குறையக் குறைய உராய்வின் எல்லை குறையும், ஒரு தாளில் வழுக்கத் தொடங்கும். எத்தனையாவது தாள் என்று பிள்ளை எண்ணி எழுதி வைக்கட்டும். அந்த எண்ணைத்தான் ஆசிரியரிடம் காட்ட வேண்டும்.

தொடு விசைக்கு ஒரு குணம் உண்டு, பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லாமலே தாண்டிவிடுகின்றன. தொடு விசை தேவைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும். மேசையில் ஒரு நோட்டை வைத்தால் நோட்டின் எடைக்குத் தள்ளும். பத்து நோட்டு வைத்தால் பத்தின் எடைக்குத் தள்ளும். மேசை உடைகிற வரைக்கும் இப்படித்தான். தொடா விசை அப்படியில்லை. பூமியின் இழுப்புக்கு நிறையும் தூரமும் மட்டும்தான் கணக்கு. நீங்கள் நிற்கிறீர்களா, விழுகிறீர்களா, பஸ்ஸில் போகிறீர்களா என்பதால் அது கூடாது, குறையாது.

அப்படியென்றால் புளியரை எஸ் வளைவில் பஸ் வேகமாக இறங்கிப் பள்ளத்தில் விழும்போது வயிறு மேலே வருகிறதே, அது என்ன? பூமி அந்த நொடியில் கொஞ்சமும் குறைத்து இழுக்கவில்லை. இருக்கைதான் உங்களைக் குறைவாகத் தள்ளுகிறது. உடம்பின் கனம் என்று நாம் உணர்வதெல்லாம் தரையும் இருக்கையும் நம்மைத் தள்ளும் தொடு விசைதான். ஈர்ப்பு உடம்பின் ஒவ்வொரு அணுவையும் ஒரே மாதிரி இழுப்பதால் அதை நேரடியாக உணர நமக்கு வழியில்லை. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இங்கே இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. ஆனாலும் உள்ளே இருப்பவர்கள் மிதக்கிறார்கள். அவர்களும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் தரை அவர்களைத் தள்ளவில்லை. அங்கே இல்லாமல் போனது தொடு விசை.

காற்றும் தண்ணீரும் பிள்ளைகளைக் குழப்பும் அடுத்த இடம். "காற்று கண்ணுக்குத் தெரியலையே, அப்ப தொடா விசைதானே சார்?" என்று கேட்பார்கள். காற்றும் பொருள்தான். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, தென்காசிப் பக்கத்துக் காற்றாலை இறக்கையைத் தள்ளுவது தொடு விசை. காற்றுத் துகள்கள் இறக்கையில் போய் மோதுகின்றன. குற்றாலத்தில் அருவிக்குக் கீழே நின்றால் இரண்டு வகையும் ஒரே இடத்தில் கிடைக்கும். பாறை உச்சியிலிருந்து தண்ணீரைக் கீழே இழுத்து வேகம் கொடுப்பது பூமியின் தொடா விசை. தோளில் படார் படாரென்று விழும் அடி, தண்ணீரின் தொடு விசை. அடி வாங்கும் தோளுக்கு ஈர்ப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ரயிலையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுவது. 1904-ல் மீட்டர் கேஜாக வந்த பாதை, அகலப்பாதையாகி முழுக்கத் திறந்தது 2018-ல். பகவதிபுரம் தாண்டி மலையேறும்போது வண்டிக்குப் பின்னாலும் ஒரு இன்ஜின் தள்ளும், பார்த்திருப்பீர்கள். வண்டியை முன்னே நகர்த்தும் விசை எங்கே இருக்கிறது என்று மகளிடம் கேளுங்கள். "இன்ஜினுக்குள்" என்பாள். இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றத்தான் செய்கிறது. சக்கரம் தண்டவாளத்தைப் பின்னே தள்ள, தண்டவாளம் சக்கரத்தை முன்னே தள்ளுகிறது. அந்த உராய்வு இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சின்ன நாணயத்தின் அளவுதான். அத்தனை பாரமும் இழுப்பும் அந்த நாணய அளவு இடங்களின் வழியாகத்தான் போகின்றன. மழையும் அழுகிய இலையும் சேர்ந்து தண்டவாளம் வழுக்கும்போது, இன்ஜினிலிருந்து குழாய் வழியாக மணலைத் தூவுவது இதற்காகத்தான். உராய்வை எதிரியாகவே சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. எண்ணெய் போட்டுக் குறைக்க வேண்டிய பொருளாக மட்டும் பிள்ளைகள் அதை நினைக்கிறார்கள்.

இனி, உங்கள் மகள் கேட்டதற்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வி: தொடுதல் என்றால் என்ன?

மேசையில் உள்ளங்கையை அழுத்துங்கள். தொட்டுவிட்டோம் என்கிறோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர். கையின் வெளி அணுக்களும் மேசையின் வெளி அணுக்களும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நெருங்கியதும் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளத் தொடங்கும். அணுவின் வெளிப்பக்கம் எலக்ட்ரான்கள். அவற்றின் மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும். அதோடு, 1925-ல் பவுலி கண்ட விதிப்படி இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது. ஆகவே எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புக மறுக்கும். 'தொட்டது' என்று கை சொல்வது இந்தத் தள்ளலைத்தான். மேசையின் தள்ளல், நூலின் இழுவிசை, உராய்வு, நம் தசையின் விசை எல்லாமே அடியில் அணுக்களுக்கு நடுவே நடக்கும் இந்த மின் விவகாரம்தான். அந்த ஆழத்தில் பார்த்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் கெட்டியான விளிம்பு எதற்குமே இல்லை.

அப்படியானால் தொடு விசை என்ற பிரிவே பொய்யா? இல்லை. அணு அளவில் எழும் தள்ளல் மிகக் குறுகிய தூரத்தில் செத்துப்போகிறது. ஒரு தலைமுடியின் அகலம் விலகினால்கூட மிச்சம் எதுவும் இருக்காது. காந்தமும் ஈர்ப்பும் தூரத்துக்கும் நீள்பவை. நம் கையளவு உலகத்தில் இந்த வேறுபாடு நிஜமானது. பாலம் கட்டுகிறவருக்கும் பிரேக் செய்கிறவருக்கும் இந்தப் பிரிவு இல்லாமல் வேலை நடக்காது. ஆறாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பது சரிதான். பத்தாம் வகுப்புக்குப் பிறகாவது அடியில் உள்ளதையும் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மிச்சம் இருப்பது, தொடாமல் எப்படி இழுக்கிறது என்ற கேள்வி. நியூட்டனுக்கே இது உறுத்தியது. 1687-ல் ஈர்ப்பு விதியை வெளியிட்டவர், 1693-ல் பென்ட்லி என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், நடுவில் எதுவுமே இல்லாமல் ஒரு பொருள் தூரத்துப் பொருளின் மீது செயல்படும் என்பதை அறிவுள்ள யாரும் ஏற்க மாட்டார்கள் என்ற பொருளில் எழுதினார். வழி காட்டியவர் ஃபாரடே. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர், கணிதம் அதிகம் படிக்காதவர். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் கோடுகோடாக அமைவதைப் பார்த்து, காந்தத்தைச் சுற்றியிருக்கும் வெளியிலேயே ஏதோ இருக்கிறது என்றார். அதைத்தான் புலம் என்கிறோம். காந்தம் தன்னைச் சுற்றிப் புலத்தை உண்டாக்குகிறது. ஊசி, தான் இருக்கும் இடத்தில் உள்ள புலத்துக்குக் கட்டுப்படுகிறது. லேத் பட்டறையில் இரும்புத்தூள் கிடைக்காவிட்டால் ஆற்று மணலில் காந்தத்தைப் புரட்டுங்கள், கருந்தூள் ஒட்டும். அதை ஒரு வெள்ளைத் தாளில் தூவி, அடியில் காந்தத்தை வைத்துத் தாளை மெல்லத் தட்டினால் போதும்.

புலத்தில் ஏற்படும் மாற்றம் உடனே எல்லா இடத்துக்கும் போவதில்லை, ஒளியின் வேகத்தில்தான் போகிறது. சூரியன் இந்த நொடி காணாமல் போனாலும் பூமி இன்னும் சுமார் 8 நிமிஷம் 20 நொடிக்கு அதே பாதையில் சுற்றும். ஈர்ப்பில் எழும் அலைகளை 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் லைகோ கருவிகள் நேரடியாகவே பதிவு செய்தன.

பூமியும் ஒரு காந்தம் என்பதால் நம் ஊருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. காந்த ஊசியை எந்தப் பக்கமும் சாயும்படி நடுவில் தொங்கவிட்டால், டெல்லியில் அதன் வடமுனை 40 டிகிரிக்கும் அதிகமாகக் கீழே சாயும். செங்கோட்டையில் கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும். பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடி இந்தியாவின் வழியாகப் போவதே காரணம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்கு அருகில் இருந்ததால்தான். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் போனது.

மூத்தவனின் 'பலம்' விஷயம். மலையாளத்தில் பலம் என்பதும் தமிழில் விசை என்பதும் ஒன்றேதான். தமிழில் பலம் என்றால் உடம்பு வலிமை என்று தோன்றும், அதனால் தங்கைக்கு விளங்காது. அவன் புத்தகத்தில் சம்பர்க்க பலம் என்றிருப்பது தொடு விசை. சம்பர்க்க ரஹித பலம் என்றிருப்பது தொடா விசை, 'தொடர்பற்ற விசை' என்று பொருள். ஆந்திர எல்லையில் சித்தூர்ப் பக்கம் தெலுங்கு வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலாவது ஸ்பர்ஸா பலம், இரண்டாவது க்ஷேத்ர பலம். க்ஷேத்ரம் என்றால் புலம். மூன்றில் எனக்குப் பிடித்தது இந்தத் தெலுங்குப் பெயர்தான். தமிழும் மலையாளமும் அங்கே எது இல்லை என்று சொல்கின்றன, தெலுங்கு எது இருக்கிறது என்று சொல்கிறது. 'புல விசை' என்று நாமும் எழுதியிருக்கலாம்.

அண்ணனும் தங்கையும் இந்தச் சோதனைகளைச் சேர்ந்தே செய்யட்டும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுக்கும் சோதனையை மட்டும் சாரல் நாளில் செய்ய வேண்டாம். ஈரக்காற்றில் சீப்பின் மின்னூட்டம் தங்காமல் கசிந்துவிடும். சோதனை பொய் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய ஒரு மத்தியானம், எண்ணெய் தேய்க்காத தலைமுடியில் செய்து பாருங்கள்.